கஞ்சிக்கோட்டில் ராத்திரி அலறும் கார் அலாரம்

தம்பி, திருப்பூரிலிருந்து கேரளாவுல பாலக்காடு பக்கம் இருக்கற கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்கு வந்த புதுசுலயே கார் அலாரம் ராத்திரியெல்லாம் அலறுது, பக்கத்து வீட்டுக்காரங்க முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கறாங்க, தமிழ்நாட்டு நம்பர் வண்டிங்கறதாலயான்னு கேட்டிருக்கீங்க. இங்கேயே குடியேறிட்டவன்ங்கற முறையில சொல்றேன், நம்பருக்காக இல்லை. தூக்கம் கெட்டா யாருக்கும் அப்படித்தான். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை குடியிருப்புல 45 டெசிபல்தான் அளவுன்னு 2000-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கு. இன்னைக்கே போய், "சேட்டா, அலாரம் கெட்டுப்போச்சு, சரி பண்ணிட்டிருக்கேன்"னு தமிழ்லயே சொல்லுங்க. இந்தப் பக்கம் நல்லாவே புரிஞ்சுக்குவாங்க. நம்பர் விஷயம் வேற: 12 மாசத்துக்கு மேல வண்டி இங்கேயே நின்னா, தமிழ்நாட்டுல என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்க வரி கட்டி மறுபதிவு செய்யணும்.

இன்னைக்கு ராத்திரிக்கு ஒரு வழி: ரிமோட்ல பூட்டாதீங்க, கதவுல சாவியைப் போட்டுத் திருப்பிப் பூட்டுங்க. பல வண்டிகள்ல அப்படிப் பூட்டினா அலாரம் விழிச்சுக்காது.

அப்புறம் பேட்டரி. கம்பெனி பஸ்ல வேலைக்குப் போறதா எழுதியிருக்கீங்க, அப்படின்னா வண்டி வாரம் பூரா சும்மாதான் நிக்குது. பேட்டரி இறங்கினாலே சில அலாரம் யாரோ கைவெச்சதா நினைச்சுக் கத்தும். காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மீட்டர் வெச்சுப் பாருங்க. 12.6 வோல்ட் வந்தா நல்ல பேட்டரி, 12.2-க்குக் கீழன்னா சார்ஜ் போடணும். டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பூத்திருந்தா சுரண்டித் துடைங்க.

எனக்குச் சந்தேகம் பானட் ஸ்விட்ச் மேலதான், பானட்டை யாராவது திறந்தா அலாரத்தைக் கத்த வைக்கிறது அதுதான். எல்லையில இருக்கற வாளையார் தாண்டினா மழையே வேற. நம்ம ஊர்ல பல வருஷம் தாங்கற ஸ்விட்ச் இங்க ரெண்டு மழைக்காலத்துல துரு ஏறிடும். வெளிக்கடையில மாட்டின அலாரம்னா, பானட்டைத் தூக்கினதும் ஓரத்துல கறுப்பு ரப்பர் தொப்பி போட்ட சின்ன ஊசி ஒண்ணு நிக்கும். விரலால அமுக்கி விடுங்க, டக்குன்னு மேல எழும்பணும். பாதியில நின்னாலோ, ரப்பர் கிழிஞ்சு உள்ளே தண்ணி தேங்கியிருந்தாலோ அதுதான் குற்றவாளி. அடியில வர்ற ஒத்தை வயரைக் கழட்டி, முனையில டேப் சுத்திட்டு ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க. சத்தம் நின்னா புது ஸ்விட்ச் போடுங்க, சின்னச் செலவுதான். வண்டியோட வந்த அலாரம்னா ஸ்விட்ச் பானட் லாக்குக்குள்ளேயே இருக்கும். அதை நீங்க கழட்டாதீங்க, கம்பெனி சர்வீஸ்ல விடுங்க.

மழையில்லாத நாள்லயும் கத்துதா? அப்போ ஷாக் சென்சார், அதாவது வண்டி அதிர்ந்தா அலாரத்தைக் கத்த வைக்கிற கருவி. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மார்கழி, தை மாசத்துல வண்டியையே ஆட்டும். நீங்க நிறுத்தற இடமோ ஹைவே ஓரம், ராத்திரி பூரா லாரி. டேஷ்போர்டுக்கு அடியில தீப்பெட்டி அளவு சென்சார்ல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். குறைக்கிற பக்கம் கொஞ்சமா திருப்பி, பூட்டிட்டு, உள்ளங்கையால கதவுல தட்டிப் பாருங்க. லேசாத் தட்டினா சும்மா இருக்கணும், ஓங்கித் தட்டினா கத்தணும். ஒரேயடியா குறைச்சுட்டா அலாரம் இருந்தும் பிரயோஜனமில்லை.

இதுக்கும் அடங்கலைன்னா ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட கொண்டு போங்க. கத்தி முடிச்சதும் ரிமோட்ல திறக்கும்போது உள்ளே இருக்கற சிவப்பு லைட் எத்தனை தடவை மினுக்குதுன்னு எண்ணிட்டுப் போங்க. சில அலாரங்கள்ல எந்தப் பக்கம் கோளாறுன்னு அந்தக் கணக்கே காட்டிக் கொடுத்துடும்.