குளக்கட்டில் கிடைக்கும் சிக்னலை ஊருக்குள் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: "முத்தையன்கட்டுப் பக்கம், 140 குடும்பங்கள் உள்ள கிராமம் எங்களுடையது. வீட்டுக்குள் கோல் ஓரளவு எடுபடும், நெட் இல்லை. குளக்கட்டில் ஏறினால் கிடைக்கும். பிள்ளைகள் பின்னேரங்களில் அங்கேதான். சங்கத்திடம் கொஞ்சம் பணம் இருக்கிறது. ஒருவர் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் செய்மதி வழியே நெட் தரும் ஸ்டார்லிங்க் என்கிறார், தலைவர் கோபுரம் கேட்டுக் கடிதம் எழுதுவோம் என்கிறார். வவுனியா நகரில் இருக்கும் என் தம்பிக்கோ சிக்னல் நிறைய, ஆனாலும் இரவில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறதாம். என்ன செய்யலாம்?" (ஒரு கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர்)

தம்பியை முதலில் அனுப்பிவிடுவோம். அவருக்கு வந்திருப்பது நெரிசல், உங்களுக்கு எட்டாமை. இரண்டுக்கும் மருந்து வேறு. ஒரு கோபுரம் ஒரு திசைக்குக் கொடுக்கும் கொள்ளளவை அந்தத் திசையில் இருக்கும் எல்லோரும் பங்கிடுகிறார்கள். இரவு எட்டு மணிக்குத் தெருவே படம் பார்த்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான். அங்கே அன்டெனா வாங்கிப் பயனில்லை. பைபர் வரும் தெருவென்றால் அதை எடுக்கட்டும். இல்லையென்றால் வேறு கம்பனி சிம் ஒன்றைக் கடன் வாங்கிப் பார்க்கட்டும், அதுவும் இரவு எட்டு மணிக்கே. காலையில் சோதித்து வாங்கி ஏமாந்தவர்கள் பலர்.

நகரத்துக்குத் திட்டம் போடுபவர் தலைகளை எண்ணுவார்; கோபுரங்கள் கிட்டக் கிட்ட வரும். வன்னிக்குத் திட்டம் போடுபவர் கிலோமீற்றரை எண்ணுவார். உயரமான கோபுரங்கள், தூரத் தூர. ஏ9 வீதியை விட்டு உள்ளே போகப் போக ஒவ்வொரு கோபுரத்துக்கும் பாதை, மின்சாரம், தரவைக் கொண்டுவர பைபர் அல்லது மைக்ரோவேவ் தட்டு என்று செலவு ஏறும். 140 குடும்பங்களின் மாதக் கட்டணம் அதைத் தாங்குமா என்றுதான் கம்பனி கணக்குப் பார்க்கும். நாங்கள் கோபப்பட்டு அந்தக் கணக்கு மாறாது.

சரி, கோல் எடுபட்டும் நெட் ஏன் வரவில்லை? பழைய 2ஜி பெரும்பாலும் 900 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, 4ஜி பெரும்பாலும் 1800இல். ஒரே தூரத்தில் 1800 அலை நான்கில் ஒரு பங்கு பலத்தோடுதான் வந்து சேரும். இடையில் பாலை, முதிரை மரங்கள் நின்றால் இன்னும் மோசம். மாரியில் நெட் படுத்துவிடுவதும் இதனால்தான். இந்த அலைவரிசையில் மழைத்துளி பெரிதாக ஒன்றும் செய்யாது, நனைந்த இலைதான் குடித்துவிடுகிறது. இன்னொன்று, கோபுரம் பல பத்து வாட்டில் பேசுகிறது, உங்கள் போன் 0.2 வாட்டில். அது சொல்வது நமக்குக் கேட்கும், நாம் சொல்வது அதற்குக் கேட்காது. கோடு தெரிந்தும் வட்ஸ்அப் போகாமல் நிற்பது அப்படித்தான்.

ஆகவே ஒரு ரூபாயும் செலவழிக்குமுன் அளந்து பாருங்கள். திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள், போனுக்குப் போன் அது மாறும். அன்ட்ரொயிட் போனில் செட்டிங்சுக்குள் சிம் நிலை என்ற இடத்தில் டிபிஎம் கணக்கில் ஓர் எண் இருக்கும். 4ஜியில் -90 நல்லது, -105 சமாளிக்கலாம், -115 கடினம், -120 என்றால் இல்லை என்றே எடுங்கள். 10 குறைந்தால், அதாவது -90 என்பது -100 ஆனால், பலம் பத்தில் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு கம்பனி சிம்மாலும் பாடசாலை, முன்பள்ளி, சனசமூக நிலையம், கடைச்சந்தி என்று பத்து இடத்தில் எடுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

பிறகு உயரத்தில் பாருங்கள். நான் செய்வது இதுதான். கொக்கத்தடியின் நுனியில் போனைத் துணியால் இறுக்கிக் கட்டி, திரையைப் பதிவு செய்யவிட்டு, தடியை நிமிர்த்தி ஐந்து நிமிடம் பிடிப்பேன். ஒரு வீட்டு முற்றத்தில் -115 காட்டிய போன், 25 அடியில் -104 காட்டியது. பன்னிரண்டு மடங்கு! (அந்த வீட்டு அம்மா, தேங்காய் பறிக்க வந்தவன் என்றுதான் முதலில் நினைத்தார்.) உங்கள் குளக்கட்டும் செய்வது இதே வேலையைத்தான், உயரமும் மரமில்லாத வெளியும் தருகிறது. அதற்காகக் கட்டிலேயே கம்பம் நடக் கூடாது. அது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் இடம்.

தடி நுனியில் -105 அளவுக்காவது வந்தால் சனசமூக நிலையத்தில் 30 அடி ஜிஐ குழாய் ஒன்றை நிறுத்தி, உச்சியில் அன்டெனா உள்ளேயே அமைந்த வெளிப்புற 4ஜி ரவுட்டரைப் பொருத்துங்கள். கீழே ரவுட்டரை வைத்து மேலே அன்டெனாவுக்கு மெல்லிய கறுப்புக் கேபிள் இழுத்துத் தரும் கடைக்காரரை நம்ப வேண்டாம். பத்து மீற்றர் இறங்கி வருவதற்குள் பிடித்த சிக்னலில் முக்கால் பங்கை அந்தக் கேபிள் தின்றுவிடும். ரவுட்டர் மேலேயே இருந்தால் கீழே வருவது நெட்வேர்க் வயர். மின்சாரமும் அதிலேயே ஏறும், 100 மீற்றர் வரை இழப்புப் பிரச்சினை இல்லை. ரவுட்டர் சுமார் 12 வாட் இழுக்கும், நாளுக்கு 300 வாட் மணி அளவில். 12 வோல்ட் 100 ஏஎச் பற்றரி ஒன்றைப் பாதிவரை பாவித்தால் இரண்டு நாள் தாங்கும். குழாய்க்குக் கட்டாயம் எர்த் அடியுங்கள், சித்திரையிலும் ஐப்பசியிலும் இங்கே இடி எப்படியென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிலையத்துக்குள் வைஃபை கொடுங்கள். பணம் வாங்கி வீடு வீடாக இணைப்புக் கொடுப்பதென்றால் அதற்கு உரிமம் வேண்டும்.

பூஸ்டரை விடுங்கள். அனுமதியில்லாமல் பொருத்துவது குற்றம் என்பது ஒருபுறம், அது கோபுரத்தின் காதுக்குள் இரைச்சலைக் கொட்டி அயலூருக்கும் நெட்டைக் கெடுக்கும். ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தது, வேலை செய்யும். ஆனால் வானம் திறந்திருக்க வேண்டும், ஒரு பனை மறைத்தாலும் விட்டு விட்டு வரும். மின்சாரமும் பல மடங்கு. தடி நுனியிலும் -115 என்றால் மட்டும் அதை யோசியுங்கள்.

தலைவர் சொன்ன கடிதத்தையும் எழுதுங்கள், ஆனால் கெஞ்சல் வேண்டாம், கணக்கு வேண்டும். குடும்பங்கள், மாணவர் தொகை, கொப்பியில் இருக்கும் அளவுகள், வரைபடத்தில் இடம். முக்கியமாக, மின்கம்பி போகும் பாதையோரம் ஆவணம் சரியாக உள்ள ஒரு துண்டுக் காணி. வன இலாகாக் காணியைக் காட்டினால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். எல்லாக் கம்பனிக்கும் ஒரே கடிதம் போகட்டும், ஒரே கோபுரத்தைப் பகிரலாம் என்றும் எழுதுங்கள். பிரதி பிரதேச செயலகத்துக்கும், பிரதேச சபைக்கும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும்.

அப்புறம் ஒரு விடயம். மாதா மாதம் சிம்முக்குக் காசு போடுவது யார், இடி முழங்கினால் போய் வயரைக் கழற்றுவது யார், சாவி யாரிடம் என்று கூட்டக் குறிப்பிலேயே பெயர் எழுதிவிடுங்கள். நான் பார்த்த இப்படியான மூன்று நிலையங்களில் இரண்டு இப்போது இயங்கவில்லை. கருவி இரண்டிலும் நன்றாகத்தான் இருக்கிறது, சிம்மில்தான் காசு இல்லை.