தூசிக் கணக்கும் லாக் நார்மலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மலேசியாவில் லாபிஸ் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் உதவியாளராக இருக்கிறேன். கொட்டை உடைக்கும் பகுதியில் வேலை செய்பவர்கள் இடுப்பில் பம்ப் கட்டி, காலரில் ஃபில்டர் மாட்டி, பத்து ஷிஃப்டுகளில் தூசி அளந்தோம். கனமீட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்: 0.4, 0.6, 0.8, 1.0, 1.3, 1.6, 2.1, 2.6, 7.2, 9.8. கடைசி இரண்டும் மெஷினை நிறுத்திக் காற்றடித்துச் சுத்தம் செய்த நாள்களில் எடுத்தவை. எண்கள் நார்மல் பரவலில், அதாவது நடுவில் குவிந்து இருபுறமும் சமமாகக் குறையும் மணி வடிவில், இருக்கின்றனவா என்று பார்க்கும் ஷாபிரோ-வில்க் சோதனையில் நார்மல் இல்லை என்று வந்தது. ஒவ்வோர் எண்ணுக்கும் லாக் (மடக்கை) எடுத்துப் போட்டால் சோதனைக்கு ஆட்சேபம் இல்லை. லாக் நார்மல், அதாவது லாக் எடுத்தால் நார்மலாகும் பரவல், என்று அறிக்கையில் எழுதிவிடலாமா?

வாசகர், லாபிஸ்

அன்புள்ள தம்பிக்கு,

இப்போதைக்கு எழுத வேண்டாம். ஆட்சேபம் இல்லை என்றால் மறுக்கப் போதிய சாட்சி இல்லை என்றுதான் பொருள். பத்தே எண்களில் அந்தச் சோதனைக்கு அவ்வளவு கூர்மை கிடையாது. படம் போட்டுப் பாருங்கள்.

எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கிவிட்டீர்கள், நல்லது. வரிசை எண்ணில் அரையைக் கழித்துப் பத்தால் வகுத்தால் 5, 15, 25 என்று 95 சதவீதம் வரை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் கிடைக்கும். நீர்த்தேக்கக் கணக்குக்காக 1914-இல் நிகழ்தகவுத் தாளைப் பயன்படுத்திய அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன் கையாண்ட வழி இது. அந்தத் தாளில், நார்மல் எண்கள் நேர்கோட்டில் விழும்படி, சதவீதக் கோடுகள் நடுவில் நெருங்கியும் ஓரங்களில் விலகியும் இருக்கும். தாள் இல்லையென்றால் எக்செலில் சதவீதங்களை இசட் மதிப்பாக (நார்மல் பரவலின் நடுவிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி என்ற எண்ணாக) மாற்றிக்கொள்ளலாம்: 5 சதவீதத்துக்கு −1.645, 50-க்கு 0. அதைக் கிடை அச்சிலும், தூசி அளவின் லாக்கை நெடு அச்சிலும் வையுங்கள். லாக் நார்மல் என்றால் புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் நிற்கும்.

உங்கள் எண்களை நானும் போட்டுப் பார்த்தேன். முதல் எட்டும் அழகாக ஒரே கோட்டில் வருகின்றன. அதே கோட்டை மேலே நீட்டினால் ஒன்பதாவது 3.5 பக்கமும் பத்தாவது 5.7 பக்கமும் இருக்க வேண்டும். இருப்பதோ 7.2, 9.8. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் கோடு உடைந்து மேலே தாவுகிறது. சோதனை தந்த ஒற்றை எண்ணில் இது தெரியவே தெரியாது.

பத்துப் புள்ளிகள் இருக்கும் படத்தில் ஓரங்கள் தற்செயலாகவும் ஆடும். கண்ணுக்குப் பழக்கம் வர, கணினியில் லாக் நார்மல் எண்களைப் பத்துப் பத்தாக உருவாக்கி இதே போலப் படம் போட்டுப் பாருங்கள். எவ்வளவு ஆட்டம் சாதாரணம் என்று பிடிபடும். ஆனால் இங்கே படத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை, உங்கள் குறிப்பேடே காரணத்தைச் சொல்கிறது. தூசி பொதுவாக லாக் நார்மலாக வருவதற்குக் காரணம், காற்றோட்டம், ஈரம், மெஷின் வேகம், ஆள் நிற்கும் தூரம் எல்லாம் ஒன்றையொன்று பெருக்குவதுதான். காற்றடித்துச் சுத்தம் செய்வது வேறு வேலை, அதன் தூசியும் வேறு. இரண்டையும் ஒரே பரவலில் அடைத்தால் இரண்டுமே பொய்யாகிவிடும். பாருங்கள், மொத்தச் சராசரி 2.74. பத்தில் எட்டு ஷிஃப்டுகள் அதற்குக் கீழே! யாருடைய நாளையும் அந்த எண் சொல்லவில்லை.

சரி, என்ன செய்வது? எட்டையும் தனியாகப் போடுங்கள், இப்போது எட்டால் வகுத்து. 50 சதவீதத்தில் கோடு ஏறக்குறைய 1.1 காட்டும், அது பெருக்குச் சராசரி, அதாவது லாக்குகளின் சராசரியை மறுபடி தூசி அளவாக மாற்றினால் வருவது. 84 சதவீதத்தில் 2.1. 2.1-ஐ 1.1-ஆல் வகுத்தால் 1.9, அது பெருக்குத் திட்டவிலக்கம், அதாவது எண்கள் நடுவிலிருந்து எத்தனை மடங்கு பரவுகின்றன என்பதன் அளவு. சாதாரண நாளுக்கு இந்த இரண்டு எண்களும் போதும்.

மற்ற இரண்டையும் ‘விதிவிலக்கு’ என்று யாராவது அடிக்கச் சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அவ்வளவு தூசியையும் மூச்சில் இழுத்தவர் ஒரு மனிதர். பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வந்தவராக, வாய்விட்டுக் கேட்கத் தயங்குபவராக இருப்பார். சுத்தம் செய்யும் நாள்களில் இன்னும் ஆறேழு மாதிரிகளாவது எடுக்க நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். இரண்டு புள்ளிகளை வைத்து எந்தக் கோட்டையும் சோதிக்க முடியாது.

அப்புறம், ஆய்வகம் எப்போதாவது ‘அளவிடும் எல்லைக்குக் கீழே’ என்று அனுப்பினால் அங்கே பூஜ்யம் போடாதீர்கள், பூஜ்யத்துக்கு லாக் இல்லை. அதைத் தூக்கியும் எறியாதீர்கள். வரிசையின் தொடக்கத்தில், சிறிய எண்கள் பக்கம், அதற்கு இடம் விட்டு, அளவு தெரிந்த எண்ணிலிருந்து புள்ளி வையுங்கள். புது மாதிரிகள் வந்ததும் எண்களோடு எந்த நாள், என்ன வேலை என்பதையும் எழுதி அனுப்புங்கள்.