ஏற்காட்டுக்கு எந்தக் கத்தி?

கேள்வி: ஏற்காட்டில் கூடாரம் போட்டுத் தங்கும்போது பழம், காய், கயிறு எல்லாவற்றுக்கும் ஒரே மடக்குக் கத்தி போதும் என்று நினைக்கிறேன். எவர்சில்வர் கத்தி சீக்கிரம் மழுங்கும், இரும்புதான் நிற்கும் என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: உருக்காலை இருக்கும் சேலத்திலிருந்து கேட்கிறீர்கள், விரிவாகவே சொல்கிறோம். பாத்திரத்துக்குப் போகும் 304 ரக எவர்சில்வரில் கார்பன் 0.08 சதவீதத்தைத் தாண்டாது. காய்ச்சித் தோய்த்தாலும் அது இறுகாது. கடைக்காரர் சொல்வது அதற்குப் பொருந்தும். கத்திக்கான எவர்சில்வர் வேறு. 12சி27 ரகத்தில் கார்பன் 0.6 சதவீதம், குரோமியம் 13.5 சதவீதம். கூரும் நிற்கும், துருவும் எளிதில் ஏறாது. கடைக்காரர் இரும்பு என்கிற கார்பன் ஸ்டீலில் கூர் அருமையாக ஏறும்தான். ஆனால் மலைப் பனியில் ஆரஞ்சு நறுக்கிய கையோடு துடைக்காமல் மடக்கினால் காலையில் துருப்புள்ளி நிச்சயம். மரப்பிடியும் ஈரத்தில் உப்பி பிளேடை இறுக்கிக்கொள்ளும். நைலான் பிடியே மலைக்கு நல்லது.

பிளேடு 7 முதல் 8 செ.மீ., முதுகுத் தடிமன் 2 முதல் 2.5 மி.மீ. இருக்கட்டும். 3.5 மி.மீ. போனால் கேரட் நறுக்க வராது, பிளந்து தெறிக்கும். பாதி ரம்பப்பல் வைத்தது வேண்டாம். வீட்டுக் கல்லில் அதைத் தீட்ட முடியாது.

திறந்த பிளேடு தானாக மடங்காமல் பிடிக்கும் லாக்கைக் கடையிலேயே சோதியுங்கள். பிளேடைத் திறந்து, மடங்கும் வழியில் விரல் இல்லாதபடி பிடித்து, பிளேடின் முதுகை மேசை விளிம்பில் இரண்டு முறை லேசாகத் தட்டுங்கள். லாக் நழுவினால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தாலும் ஆட்டம் இருக்கக் கூடாது.

விறகு பிளக்க மடக்குக் கத்தியைத் தொடவே வேண்டாம். முதுகில் அடிக்க அடிக்க மூட்டு ஆணி தளரும். அதற்குக் கொடுவாள் இருக்கிறது. காப்புக்காட்டில் பச்சைக் கிளை வெட்டுவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம் என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: பலாச்சுளை எடுத்தபின் கத்தி திறக்கவே மாட்டேன் என்கிறது.
– வாசகி, சூரமங்கலம்

பதில்: பால் மூட்டுக்குள் இறங்கிப் பிசினாகிவிட்டது. தண்ணீருக்கு அது கரையாது. மூட்டில் நான்கைந்து சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, கால் மணி நேரம் கழித்து மெதுவாகத் திறந்து மூடுங்கள். பிசின் இளகியதும் பழைய டூத் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெயை உள்ளேயே விட்டுவிட்டால் நாளடைவில் அதுவும் பிசுபிசுக்கும். அடுத்த முறை அறுக்கும் முன்பே பிளேடில் எண்ணெய் தடவிவிடுங்கள்.

கேள்வி: தெருவில் வரும் சாணைக்காரரிடம் தீட்டலாமா?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: அரிவாள்மனைக்குச் சரி. மெல்லிய பிளேடு உலர்ந்த சக்கரத்தில் நொடியில் சூடேறிவிடும். விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் இறுக்கம் போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. 1000 கிரிட் கல்லை நனைத்து, பிளேடை 20 டிகிரி சாய்த்து, பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து இழுப்பு இழுங்கள். செய்தித்தாளைக் கிழிக்காமல் அறுத்தால் போதும்.