ஸ்பெக் இல்லாமல் தொடங்கிய மென்பொருள் வேலை: பாக்கி வராவிட்டால் நிறுத்தலாமா?

கேள்வி: ஒரு நிறுவனத்துக்குக் கிடங்கு இருப்புக் கணக்கு மென்பொருள் செய்து தருகிறேன். இரண்டு பக்கக் கொட்டேஷன் தவிர எழுத்தில் எதுவும் இல்லை; ஸ்பெக்கும் (மென்பொருளில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற விரிவான விவரம்) இல்லை. 60 சதவீதப் பணம் வந்துவிட்டது. இப்போது பார்கோடு ஸ்கேனிங்கும் "சேர்த்துத்தானே பேசினோம்" என்று மீதியைத் தர மறுக்கிறார்கள். வேலையை நிறுத்திவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்கள்தான் என்று ஆகிவிடக்கூடும். 2010இல் இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்த டி பியர்ஸ் – அட்டோஸ் ஆரிஜின் வழக்கைப் பாருங்கள். வேலையின் அளவைக் குறைத்துக் கணக்கிட்டுவிட்ட மென்பொருள் நிறுவனமான அட்டோஸ், விலையை மாற்றினால்தான் தொடர்வோம் என்று பணியை நிறுத்தியது. முறித்தது அந்த நிறுவனமே என்று முடிவானது.

ஸ்பெக் இல்லையென்றால் ஒப்பந்தமே இல்லை என்று பொருளல்ல. கொட்டேஷன், மின்னஞ்சல், வாட்ஸ்அப், டெமோ காட்டிய நாள், பணம் வந்த நாள் எல்லாமே சான்றுதான். தேதி வரிசையில் அடுக்குங்கள். வாட்ஸ்அப்பை ஸ்கிரீன்ஷாட்டோடு விடாமல் முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஃபோனில் எதையும் அழிக்காதீர்கள். துண்டுப் படங்களை, முன்பின் மறைத்ததாகச் சொல்லி எதிர்த்தரப்பு எளிதில் உடைத்துவிடும்.

'பார்கோடு' என்ற சொல் முதலில் எந்தத் தேதியில் வருகிறது? முதல் தவணைக்குப் பிறகு என்றால் உங்கள் பக்கம் வலு. ஆனால் அதற்கு நீங்கள் "செய்துடலாம் சார்" என்று மட்டும் பதில் போட்டிருந்தால், கூடுதல் விலையில்லாமல் ஒப்புக்கொண்டதாக வாதிடுவார்கள். இந்த ஒரு வரியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்து ஒரு கடிதம் அனுப்புங்கள். முடித்த பகுதிகள், குறையிருந்தால் 7 நாளில் எழுத்தில் தெரிவிக்கும்படி கோரிக்கை, பார்கோடுக்குத் தனி விலை, தனிக் கெடு ஆகியவை அதில் இருக்கட்டும். மென்பொருளை அவர்கள் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள் என்றால் லாகின் பதிவுகளைப் பத்திரப்படுத்துங்கள்; ஏற்றுக்கொண்டதற்கு அது நல்ல சான்று. கோபத்தில் சர்வரை முடக்கவோ பாஸ்வேர்டை மாற்றவோ வேண்டாம், குற்ற வழக்காகவே திரும்பலாம்.

இனி வரும் வேலைகளையும் விரிவான ஸ்பெக் இல்லாமல் தொடங்கலாம், தவறில்லை. அம்சங்களை முன்கூட்டி எழுத முடியாதபோது முடிவெடுக்கும் முறையை எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு டெமோ, அந்தச் சுற்றுக்கான பணம், மொத்தச் செலவுக்கு உச்சவரம்பு, வாடிக்கையாளர் தரப்பில் 'சரி' சொல்லும் ஒரே ஆள், எந்தச் சுற்றின் முடிவிலும் அதுவரையான கணக்கைத் தீர்த்து விலகும் உரிமை. இதற்கு ஒரு பக்கம் போதும். மென்பொருளின் பதிப்புரிமை, முழுப் பணமும் வந்த பிறகே வாடிக்கையாளருக்கு மாறும் என்ற வரியையும் அதிலேயே சேர்த்து இருவரும் கையெழுத்திடுங்கள்.