மாட் செய்த பெடல்: கூடுதல் காசு எதற்குப் போகிறது?

கேள்வி: என்னிடம் பாஸ் நிறுவனத்தின் டிஎஸ்-1 (DS-1) டிஸ்டார்ஷன் பெடல், அதாவது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் கால்மிதிப் பெட்டி, இருக்கிறது. தனியாக வாசிக்கும்போது பரவாயில்லை. குழுவோடு வாசித்தால் கிட்டார் மெலிந்துபோய், கீச்சென்று காதைக் குத்துகிறது. இதே பெடலை 'மாட்' செய்து, அதாவது உள்ளே சில பாகங்களை மாற்றி, ஏறக்குறைய இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மாட் என்றாலே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. உங்கள் குறைக்கு அந்த மாட் மருந்தா என்பது இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டிஎஸ்-1 1978இல் வந்தது. பிரித்து மேயப்பட்ட பெடல்களில் அதற்கு முன்வரிசையிலேயே இடம் உண்டு. உள்ளே நடப்பது எளிமையான விஷயம். கிட்டாரிலிருந்து வரும் சின்ன சிக்னலைப் பெரிதாக்கி இரண்டு சிலிக்கான் டையோடுகளிடம் அனுப்புகிறது. வேலிச் செடியை ஒரே மட்டத்தில் கத்தரிப்பதுபோல, சுமார் 0.6 வோல்ட்டுக்கு மேல் எழும் அலையின் தலையை அவை வெட்டிவிடுகின்றன. அந்த வெட்டுதான் நாம் கேட்கிற டிஸ்டார்ஷன். அடுத்து வருவது டோன் சர்க்யூட், அதாவது தாழ்ந்த ஒலி, உச்ச ஒலி இவற்றைக் கூட்டிக் குறைக்கும் பகுதி. உங்கள் தலைவலி அங்கேதான் இருக்கிறது. 500 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழும்படியாகவே அது அமைக்கப்பட்டிருக்கிறது. கிட்டாரின் உடம்பு இருக்கிற இடமே அதுதான். அறையில் தனியாக வாசிக்கும்போது அந்தப் பள்ளம் தெரியாது. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் உடம்பு காணாமல் போய், மேலே இருக்கும் கீச்சு மட்டும் மிஞ்சும்.

மாட் செய்கிறவர்கள் வழக்கமாகக் கைவைப்பது மூன்று இடங்களில். டோன் சர்க்யூட்டில் சில பாகங்களை மாற்றி அந்தப் பள்ளத்தைத் தூர்ப்பார்கள். சிக்னல் போகிற வழியில் இருக்கும் கெப்பாசிட்டர்களைப் பெரிதாக்கி பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, உள்ளே விடுவார்கள். டையோடுகளைக் கழற்றிவிட்டு எல்இடி போடுவார்கள். முதல் இரண்டும் உங்கள் குறையை நேராகத் தொடுகின்றன. மூன்றாவதில்தான் உஷாராக இருக்க வேண்டும்.

சிவப்பு எல்இடி ஒன்று சுமார் 1.7 வோல்ட் வரை அலையை விட்டுவைக்கும். வேலியின் உயரம் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு குறைகிறது, விரல் அழுத்தத்துக்குப் பெடல் இன்னும் நன்றாக மசிகிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் கூடவே சத்தமும் எகிறிவிடுகிறது. சத்தம் கூடினால் நம் காது அதை 'நல்ல டோன்' என்றுதான் கணக்கு வைக்கும். கடையில் இரண்டு பெடலையும் பக்கத்தில் வைத்து, எல்லாக் குமிழ்களையும் நடுவில் நிறுத்தி, "கேளுங்கள், எவ்வளவு வித்தியாசம்!" என்பார்கள். பார்க்க நியாயமான ஒப்பீடு மாதிரி இருக்கும். அதில் மாட் செய்த பெடல் தோற்கவே தோற்காது.

ஆகவே லெவல் குமிழைக் குறைத்து, இரண்டும் ஒரே சத்தத்தில் வரும்படி வையுங்கள். டோனையும் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும்வரை திருப்புங்கள். நண்பர் ஒருவர் எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடட்டும். அப்போதும் உங்கள் விரல் ஒன்றையே தேடிப் போனால், அது காசு கொடுக்க வேண்டிய வித்தியாசம். பல நேரம் அந்த இடத்தில் ஒரு சங்கடமான அமைதிதான் நிலவும்.

அதற்கும் முன்னால் காசு செலவில்லாத ஒரு வேலை. உங்கள் டிஎஸ்-1இல் டோன் குமிழை முழுக்க இடதுபக்கம் திருப்பி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். டிஸ்ட் குமிழைப் பாதிக்குக் கீழே வையுங்கள். ஆம்ப்ளிஃபயரில் மிட் (நடு ஒலி) குமிழை ஏற்றுங்கள். டோனை நடுவில் வைத்துவிட்டுக் குறை சொல்கிறவர்கள்தான் அதிகம். அந்தப் பெடலுக்கு நடு என்பதே ரொம்ப மேலே.

இதற்குப் பிறகும் பள்ளம் பள்ளமாகவே இருந்தால், மாட் செய்கிறவரிடம் ஒரே கேள்வி: "எந்தப் பாகத்தை எதிலிருந்து எதற்கு மாற்றுகிறீர்கள், அதனால் என்ன ஆகும்?" விவரம் தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். சர்க்யூட் ரகசியத்தை முழுக்கச் சொல்லாவிட்டாலும், "மிட் கூடும், கீழ்ப்பகுதி தடிக்கும், சத்தம் இவ்வளவு ஏறும்" என்றாவது சொல்வார். "பூட்டிக் டோன் சார்" என்று மட்டும் பதில் வந்தால் பர்ஸை உள்ளே வையுங்கள்.

இன்னொன்று. பாஸ் நிறுவனமே 2014இல் வாஸா கிராஃப்ட் என்று ஒரு வரிசையைத் தொடங்கியது. தன் பழைய பெடல்களைத் தானே மெருகேற்றி, சின்ன ஸ்விட்ச் ஒன்றில் பழைய குரல், புதிய குரல் இரண்டையும் கொடுக்கிறது. டிஎஸ்-1க்கும் அதில் ஒரு வடிவம் உண்டு. புதிய குரலில் மிட் தூக்கலாக இருக்கும். வாரண்டியோடு கிடைக்கிற மாட் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரண்டு மடங்கு கொடுக்கத் தயார் என்றால் முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஐபனேஸ் டிஎஸ்9 (TS9) டியூப் ஸ்க்ரீமர் பெடலை '808 ஆக மாற்றித் தருகிறோம், பழைய ஜேஆர்சி 4558 சிப் போடுகிறோம்' என்கிறார்கள். இது எந்த அளவுக்கு உண்மை?

பதில்: மாற்றுவது உண்மை. மாறுவது கொஞ்சம்தான்.

பழைய மாடலான டிஎஸ்808இன் (TS808) சர்க்யூட்டையும் 1982இல் வந்த டிஎஸ்9இன் சர்க்யூட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெளியேறும் முனையில் இரண்டு ரெசிஸ்டர்கள்தான் முக்கியமான வேறுபாடு. பழையதில் 100 ஓம், 10 கிலோ ஓம். புதியதில் 470 ஓம், 100 கிலோ ஓம். டிஸ்டார்ஷன் உருவாகிற இடம் இரண்டிலும் ஒன்றேதான். அந்த இரண்டு ரெசிஸ்டரும் ஒரு கைப்பிடி கடலை வாங்குகிற காசுக்குக்கூடப் பெறாது. அவற்றை மாற்றியதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கண்டுபிடிப்பது, என்னைக் கேட்டால், பெரிய வித்தை.

சிப் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 4558 அபூர்வ வஸ்து ஒன்றும் அல்ல. கணக்கில்லாத ஆடியோ கருவிகளில் போட்ட சாதாரணச் சிப். ஒரே மாதிரியான இரண்டு பெடல்களுக்கு இடையிலேயே வித்தியாசம் இருக்கும். குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறும் ரெசிஸ்டர்கள் குறித்த அளவிலிருந்து 20 சதவீதம் வரை கூடக் குறைய இருப்பது சகஜம். 'சிப் மாற்றியதும் வேறு பெடல் ஆகிவிட்டது' என்கிறவர், சிப் மாற்றும்முன் குமிழ்கள் எங்கே நின்றன என்பதை மறந்திருப்பார்.

டியூப் ஸ்க்ரீமரில் நிஜமாகவே காதுக்குத் தெரிகிற மாட் வேறு இடத்தில் இருக்கிறது. சிக்னலைப் பெருக்குகிற பகுதியில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸில் ஒரு கோடு போடுகின்றன. அதற்குக் கீழே போகப் போக டிஸ்டார்ஷன் குறைந்துகொண்டே வரும். கிட்டாரின் ஆறாவது கம்பி திறந்த நிலையில் 82 ஹெர்ட்ஸ்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டியூப் ஸ்க்ரீமருக்கே உரிய அந்த மூக்கடைத்த மாதிரியான மிட் தூக்கலுக்கு இது பெரிய காரணம். அந்த ஒரு கெப்பாசிட்டரை 0.1 ஆக்கினால் கோடு சுமார் 340 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். குரல் தடிக்கும். ஒற்றை ஸ்வரமாக வாசிக்கிறவருக்குக் கொண்டாட்டம். தடித்த ஒலி தரும் ஹம்பக்கர் பிக்கப்பில் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம்) முழுக் கார்ட் அடிக்கிறவருக்கு அதே தடிப்பு சேறாகிவிடும். எனக்குத் தெரிந்து இந்த மாட்டைச் செய்துகொண்டு, சில மாதத்தில் பழையபடி மாற்றித் தரச் சொல்லிப் போனவர்கள் உண்டு. அந்த மிட் தூக்கலுக்காகத்தானே அந்தப் பெடலை வாங்கினோம் என்பது அப்புறம்தான் ஞாபகம் வருகிறது.

808தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால், ஐபனேஸே 2004 முதல் அதை மறுபடி தயாரித்து விற்கிறது. டிஎஸ்9 விலையோடு மாட் கூலியையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: எல்லாப் பெடலையும் ட்ரூ பைபாஸ் ஆக்கினால் டோன் கெடாது என்கிறார்களே?

பதில்: எல்லாவற்றையும் ஆக்கினால்தான் கெடும். ட்ரூ பைபாஸ் என்பது, பெடலை அணைத்ததும் சிக்னல் உள்ளே எதையும் தொடாமல் ஸ்விட்ச் வழியாகவே வெளியேறிவிடுவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாதாரணக் கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கொள்ளளவு இருக்கும். நீளம் கூடக் கூட அது ட்ரெபிளை, அதாவது உச்ச ஒலியை, குடித்துக்கொண்டே வரும். எட்டுப் பெடலும் ட்ரூ பைபாஸ் என்றால், இந்தப் பக்கத்துக் கேபிள், அந்தப் பக்கத்துக் கேபிள், நடுவில் உள்ள குட்டிக் கேபிள்கள் எல்லாவற்றையும் உங்கள் பிக்கப் ஒன்றே சுமக்க வேண்டும். பாஸ், ஐபனேஸ் பெடல்களுக்குள் இருக்கும் பஃபர், அதாவது சிக்னலுக்கு வலு கொடுக்கும் சின்ன சர்க்யூட், அந்தச் சுமையை இறக்கி வைக்கிறது. அதைக் காசு கொடுத்துப் பிடுங்கிப் போடுவானேன்?

இரண்டு விதிவிலக்குகள். 'வா-வா' என்று ஒலிக்கவைக்கும் சில பழைய வா (wah) பெடல்கள் அணைத்திருக்கும்போதும் சிக்னலை இழுத்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கு இந்த மாட் நல்ல முதலீடு. அடுத்தது ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் ஃபேஸ் மாதிரியான பெடல்கள். அவற்றுக்கு முன்னால் பஃபர் இருந்தால் பிடிக்காது, முகம் சுளிக்கும். ஆனால் அதற்கு மாட் தேவையில்லை. கிட்டாருக்கு அடுத்து முதல் ஆளாக அதை வைத்தால் போதும்.

கேள்வி: யாரோ ஏற்கெனவே மாட் செய்த பெடல் பழையதாக விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பின்மூடியைத் திறந்து பார்த்து. திறக்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

இதை நான் சூடுபட்டுக் கற்றுக்கொண்டேன். 'முழு மாட்' என்று சொல்லி விற்ற ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். ஒரு மாதம் போனதும் சத்தம் விட்டு விட்டு வந்தது. நான்கு திருகுகளைக் கழற்றிப் பார்த்தால், சிவப்பாக இருந்த விளக்கு நீலமாகியிருந்தது, சிப் ஒரு சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான் 'முழு மாட்'. அந்தச் சாக்கெட்டின் ஒரு கால் போர்டோடு ஒட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் போர்டு கருகிப் பழுப்பேறியிருந்தது. ஆனால் அந்த நீல விளக்கு ரொம்ப அழகு, அதை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

சால்டர் செய்த புள்ளிகள் சின்னக் கூம்புபோல மினுமினுப்பாக இருக்க வேண்டும். மங்கலான உருண்டை, பக்கத்துப் புள்ளிக்கு வழிந்த ஈயம், போர்டிலிருந்து பெயர்ந்து நிற்கும் செப்புக் கோடு, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் விலையைக் குறையுங்கள், இல்லை விட்டுவிடுங்கள். கீலி, அனலாக்மேன் மாதிரிப் பெயர் பெற்றவர்கள் செய்த மாட் என்றால் விற்கும்போதும் விலை நிற்கும். பெயர் தெரியாத கை பட்டது என்றால் மாட் செய்யாத பெடலைவிடக் குறைவாகத்தான் போகும். 1980களின் ஒரிஜினல் பெடல் வைத்திருக்கிறவர் அதில் சால்டரிங் அயர்னைத் தொடவே கூடாது, விலையில் பாதி அங்கேயே ஆவியாகிவிடும்.

கேள்வி: நானே மாட் செய்யலாமா?

பதில்: தாராளமாக. உதிரி பாகங்கள் மலிவு. நீங்கள் கடையில் கொடுக்கிற பணம் பெரும்பாலும் கூலிக்கும், எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று பல நாள் கேட்டுக் கண்டுபிடித்த காதுக்கும்தான். ஆனால் உங்கள் பெடல் பழைய பாணியில், கால் நீட்டிய பாகங்களோடு இருக்கிறதா என்று முதலில் திறந்து பாருங்கள். போர்டின் மேலேயே ஒட்டிய கடுகளவு பாகங்கள் என்றால் தொடாதீர்கள். வாரண்டி போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும். முதல் சால்டரை உங்கள் பெடலில் வைக்காமல், பழைய ரேடியோ போர்டு ஒன்றில் இருபது பாகங்களைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். மாட்டுவது சுலபம். கழற்றும்போதுதான் செப்புக் கோடு கையோடு வந்துவிடும். கழற்றிய பாகங்களைத் தூக்கி எறியாமல் ஒரு சின்னக் கவரில் போட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதிப் பெடலின் டப்பாவுக்குள்ளேயே வையுங்கள். மூன்று மாதம் கழித்துத் தேடுவீர்கள்.