போஸ்டருக்காகப் போகலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். புவிவேதியியலுக்கான கோல்ட்ஷ்மிட் சர்வதேச மாநாட்டில் உரையாற்ற விண்ணப்பித்திருந்தேன். போஸ்டர்தான் (ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு மாட்டி, அருகில் நின்று விளக்குவது) கிடைத்திருக்கிறது. இவ்வளவு செலவு செய்து போஸ்டருக்காகப் போவது வீணா? போவதென்றால் எப்படித் தயாராவது?

ஆய்வு மாணவி, தருமபுரி

அன்புள்ள மாணவிக்கு,

வீணில்லை. உங்கள் நிலையில் போஸ்டர்தான் லாபம். உரைக்குக் கிடைப்பது கேள்விகளையும் சேர்த்து கால் மணி நேரம்தான். அதே வேளையில் பல அரங்குகளில் வேறு உரைகள் நடக்கும். போஸ்டர் முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பீர்கள். ஃபுளோரைடு தெரிந்தவர் வந்து, உங்கள் வரைபடத்தில் விரல் வைத்துக் கேட்பார்.

முதலில் விசா. இந்த மாநாடு பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மாறி மாறி நடக்கும்: 2023 லியோன், 2024 சிகாகோ, 2025 பிராக். ஐரோப்பா என்றால் ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். நம் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. மாநாட்டுப் பதிவில் இனிஷியல் மட்டும் போட்டு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்தால் அழைப்புக் கடிதத்தை மறுபடி கேட்டு வாங்க வேண்டிவரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள். பயண நிதிக்கும் ஏற்புக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

இனி போஸ்டர். நம் மாணவர்கள் பாதி இடத்தை ஆய்வுப் பகுதி வரைபடத்துக்கும் செய்முறைக் கட்டங்களுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். அவை மூலையில் இருக்கட்டும். நடுவில் ஒரே ஒரு படம்: கால்சியத்துக்கு எதிராக ஃபுளோரைடு, இரண்டும் மடக்கை அச்சில், ஃபுளோரைட் கனிமத்தின் (கால்சியம் ஃபுளோரைடு) தெவிட்டுக் கோட்டோடு, அதாவது நீரில் அது கரையக்கூடிய எல்லையோடு. கரைதிறன் பெருக்கத்தில் (தெவிட்டிய நீரில் மாறாதிருக்கும் அயனிகளின் பெருக்கல் தொகை) ஃபுளோரைடு இருபடியாக வருவதால், கால்சியம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் ஃபுளோரைடு இரு மடங்கு வரை ஏறலாம். கால்சைட் (கால்சியம் கார்பனேட்) படிந்து கால்சியத்தை இழந்த காரநீரில் ஃபுளோரைடு ஏன் தங்கிவிடுகிறது என்பதை அந்தக் கோடே சொல்லிவிடும். அச்சில் செறிவைப் போட்டுவிட்டுக் கோட்டை மட்டும் ஆக்டிவிட்டிக்கு (வினையில் உண்மையில் செயல்படும் செறிவு) வரையாதீர்கள். தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

அந்த ஃபுளோரைடு எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். பாறைகளில் உள்ள பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட் கனிமங்களில் ஹைட்ராக்சில் அமரும் இடத்தில் ஃபுளோரைடு அமர்கிறது. இரண்டின் ஆரமும் ஏறக்குறைய ஒன்று. அயனி ஆரம் ஒத்தால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமரும் என்று விதி வகுத்தவர், மாநாட்டுக்குப் பெயரான விக்டர் கோல்ட்ஷ்மிட் (1888–1947). இதை அங்கே நின்று சொல்ல வாய்ப்பது அழகல்லவா!

மற்ற கேள்விகள் உங்கள் தரவைப் பற்றியவை. மின்சுமைச் சமநிலைப் பிழை (அளந்த நேர், எதிர் அயனிகளின் மொத்த மின்சுமைகளுக்கு இடையிலான வேறுபாடு) ±5 சதவீதத்துக்குள் உள்ளதா? பிஹெச்சையும் காரத்தன்மையையும் கிணற்றருகிலேயே அளந்தீர்களா? குப்பியில் எடுத்துவந்து அளந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஹெச் ஏறிவிடும். கால்சைட் தெவிட்டுநிலை பொய்யாக உயரும். மின்முனையால் ஃபுளோரைடு அளந்தபோது டிசாப் (TISAB) கரைசல், அதாவது பிணைந்த ஃபுளோரைடை விடுவிக்கும் தாங்கல் கரைசல், சேர்த்தீர்களா? சேர்க்காவிட்டால் அலுமினியத்தோடு பிணைந்த ஃபுளோரைடு கணக்கில் வராது. இவற்றுக்கான எண்களை ஒரு ஏ4 தாளில் அச்சிட்டு இருபது பிரதி கையில் வையுங்கள்.

அளவு பெரும்பாலும் ஏ0, அதாவது 841 × 1189 மில்லிமீட்டர். நெடுக்கா கிடையா என்பதை அறிவிப்பில் பார்த்துவிட்டு வடிவமைப்பைத் தொடங்குங்கள். எழுத்து 28 புள்ளிக்குக் குறைய வேண்டாம். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைத்தால் நிறக்குறைபாடு உள்ளவர்களுக்குப் பிரித்தறிய முடியாது. நீலமும் ஆரஞ்சும் வையுங்கள். துணியில் அச்சிட்டால் மடித்துக் கைப்பையில் வைக்கலாம்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு, நீங்கள் மேற்கோள் காட்டும் மூன்று பேருக்கு போஸ்டர் எண்ணும் நேரமும் குறித்து நான்கு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் உங்களுக்கு விடை தெரியாத கேள்வி ஒன்று இருக்கட்டும்.