கேள்வி – பதில்: மேக்பெத்துக்குப் பிள்ளை இருந்ததா?

கேள்வி: எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். 'மேக்பெத்' நாடகத்தின் கருவைச் சினிமா இயக்குநர்கள் எப்படி மாற்றினார்கள் என்று கட்டுரை எழுத வேண்டும். குரோசாவாவின் 'த்ரோன் ஆஃப் பிளட்', விஷால் பரத்வாஜின் 'மக்பூல்' இரண்டையும் எடுத்துக்கொண்டு, நாடகத்துக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசங்களை அட்டவணை போட்டேன். இரண்டு பக்கத்தோடு நின்றுவிட்டது. மேலே என்ன எழுதுவது? (மாணவி, திருச்சி)

அட்டவணையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். மேக்பெத் கொல்கிற ராஜா டங்கன்தான் 'மக்பூல்' படத்து அப்பாஜி, அவன் நண்பன் பாங்கோதான் காக்கா என்று பொருத்திக்கொண்டே போனால் ரேஷன் கார்டில் பெயர் சரிபார்க்கிற வேலையாகிவிடும். ஷேக்ஸ்பியர் சொல்லாமல் விட்ட இடம் எது, அந்த இடத்தில் இந்த இயக்குநர் எதைக் கொண்டுவந்து வைத்தார் என்று தேடுங்கள், பக்கம் தானாக நிறையும்.

'மேக்பெத்'தில் அப்படி ஒரு பெரிய காலியிடம் இருக்கிறது: குழந்தை. நான் பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் என்று லேடி மேக்பெத் ஒரு இடத்தில் சொல்கிறாள். ஆனால் நாடகம் முழுக்கத் தேடினாலும் அந்தப் பிள்ளையைக் காணோம், செத்துப்போனதா என்றுகூட ஒரு வரி இல்லை. மேக்பெத்துக்குக் குறி சொல்கிற சூனியக்காரிகளோ நீ ராஜா ஆவாய், ஆனால் வம்சம் பாங்கோவுடையது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்படியானால் இத்தனை ரத்தமும் யாருக்காக? மேக்பெத்தே இதைச் சொல்லிப் புலம்புகிறான், பாங்கோவின் பிள்ளைகளுக்காகவா நான் என் மனதைக் கெடுத்துக்கொண்டேன் என்று.

1957இல் குரோசாவா இந்த இடத்தில்தான் கை வைத்தார். அவருடைய மேக்பெத்தான வாஷிசுவுக்குப் பிள்ளை இல்லை, அதனால் நண்பன் மிக்கியின் மகனையே வாரிசாக்கிவிடலாம் என்று இருக்கிறான். கணக்கு நேராகத்தான் இருக்கிறது, யாரையும் கொல்ல வேண்டிய தேவையே இல்லை. அப்போதுதான் மனைவி அசாஜி, நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்கிறாள். அந்த ஒரு வாக்கியத்தில் மிக்கியின் கதை முடிந்துவிடுகிறது. பிறகு அந்தக் குழந்தை உயிரில்லாமல் பிறக்கிறது, அசாஜி போகாத ரத்தக்கறையைக் கழுவிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

'மக்பூல்' (2003) நேர் எதிர்த்திசையில் போகிறது. அங்கே குழந்தை உயிரோடு பிறக்கிறது, ஆனால் யாருடைய குழந்தை என்ற சந்தேகத்தோடு. நிம்மி முதலில் தாதா அப்பாஜியின் ஆசைநாயகி, அப்புறம்தான் இந்தப் படத்து மேக்பெத்தான மக்பூலின் காதலி, இடையில் ஒரு கொலை. கடைசியில் குழந்தையை எடுத்துப்போக மக்பூல் துப்பாக்கியோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறான். அவனுடைய எதிரியான, காக்காவின் மகன் குட்டுவும் அப்பாஜியின் மகள் சமீராவும் அதை ஆசையாகக் கையில் வாங்கிக்கொள்வதைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு வெளியே நடக்கிறான். ஷேக்ஸ்பியரின் மேக்பெத் கடைசிவரை வாளைக் கீழே வைக்க மாட்டான். இவன் வைத்துவிட்டுச் சாகிறான். இந்த ஒரு மாற்றத்தைப் பற்றியே நீங்கள் நாலு பக்கம் எழுதலாம்.

ஜஸ்டின் கர்சல் 2015இல் எடுத்த படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது அந்தக் குழந்தையின் ஈமச்சடங்கோடுதான் ஆரம்பிக்கிறது. அழகான காட்சிதான், ஆனால் அவசரப்பட்டுவிட்டார் என்பது என் எண்ணம். நாமே ஊகிக்க வேண்டியதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டால் அந்தத் தம்பதியின் மேல் நமக்கு என்ன மர்மம் மிச்சம்?

கேள்வி: குரோசாவா படத்தில் ஷேக்ஸ்பியரின் கவிதை துளியும் இல்லையே. வசனமே இல்லாமல் அதை எப்படி 'மேக்பெத்' என்று சொல்கிறீர்கள்? (வாசகர், கோவை)

கவிதைக்குப் பதிலாக அவர் பனிமூட்டத்தை வைத்திருக்கிறார், போதாதா? வாஷிசுவும் மிக்கியும் மூடுபனிக்குள் குதிரை ஓட்டிப் போகிறார்கள், வெளியே வருகிறார்கள், மறுபடி உள்ளே போகிறார்கள், வழி தெரியாமல் திரும்பத் திரும்ப. ஒரு தனிமொழியில் நடிகர் பேசியிருக்க வேண்டிய குழப்பம் அதில் வந்துவிடுகிறது.

அசாஜி காவல்காரர்களுக்கு மயக்கமருந்து கலந்த சாக்கே (ஜப்பானிய அரிசி மது) எடுத்துவரும் காட்சியை ஒருமுறை ஹெட்போன் போட்டுக்கொண்டு பாருங்கள். கும்மிருட்டான வாசல் ஒன்றுக்குள் நடந்து மறைகிறாள், திரை அப்படியே நிற்கிறது, பட்டுத்துணி தரையில் உரசும் சரசரப்பு மட்டும் கேட்கிறது, பிறகு ஜாடியோடு இருட்டிலிருந்து வெளியே வருகிறாள். முகம் ஜப்பானின் பழைய 'நோ' நாடக முகமூடிபோல அசையவே இல்லை. ஒரு வார்த்தை கிடையாது, எனக்கு முதுகு சில்லிட்டது.

கேள்வி: 'மக்பூல்' படத்தில் சூனியக்காரிகளை இரண்டு போலீஸ்காரர்களாக மாற்றியது வெறும் நகைச்சுவைக்காகத்தானே? (வாசகர், மதுரை)

சிரிப்பு வருகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஓம் பூரியும் நசீருத்தீன் ஷாவும் சேர்ந்தால் வராமல் இருக்குமா. ஆனால் வேலை வேறு. நாடகத்துக் கிழவிகள் நடக்கப்போவதைச் சொல்வார்கள், அவ்வளவுதான். இவர்கள் ஜாதகக் கட்டம் போட்டுச் சொன்னதை நடத்திக்காட்டவும் கையில் அதிகாரம் உள்ளவர்கள். ஆரம்பத்தில் ஆவி படிந்த வேன் கண்ணாடியில் விரலால் ஜாதகம் வரைகிறார்கள், கொஞ்ச நேரத்தில் அதே கண்ணாடியில் ரத்தம் தெறிக்கிறது. கேட்டால் சக்தியின் சமநிலை என்பார்கள், நெருப்புக்குத் தண்ணீர் பயம் இருக்க வேண்டுமாம். ஆக விதி என்பது இங்கே ஸ்டேஷனில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறது. நாடகத்தில் பிர்னாம் காடு நகர்ந்து வந்தால்தான் மேக்பெத்துக்குத் தோல்வி என்று குறி சொல்லப்படும்; இங்கே அதற்குப் பதிலாக, கடல் உன் வீட்டுக்கு வந்தால் உனக்கு ஆபத்து என்கிறார்கள். மும்பையில் கடத்தல்காரனுக்குக் கடல்தானே எல்லாம்!

கேள்வி: ஃபகத் ஃபாசில் நடித்த மலையாளப் படம் 'ஜோஜி'யும் மேக்பெத்தாம். ராஜா இல்லை, சூனியக்காரி இல்லை, மனைவிகூட இல்லை. மிச்சம் என்ன? (வாசகி, நாகர்கோவில்)

வீட்டுக்குள் இருக்கிற ஒரு ஆள், பெரியவர் செத்தால் தேவலை என்று நினைக்கிறான். அது மிச்சம். திலீஷ் போத்தன் 2021இல் எடுத்த இந்தப் படத்தில் யாரும் குறி சொல்வதில்லை. அண்ணி பின்சி சமையலறையில் நின்றபடி அரைகுறையாக எதையோ சொல்கிறாள், மேலே அவனே புரிந்துகொள்கிறான். அப்பாவின் சாவுக்குப் பிறகு, மாஸ்க் போட்டுக்கொண்டு வா என்று அவனிடம் சொல்வாள். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு சொன்ன பேச்சுதான், ஆனால் அந்த இடத்தில் கேட்டால் தூக்கிவாரிப் போடும்.

இழப்பும் உண்டு. மேக்பெத் வீரன், அவன் கெட்டுப்போவதைப் பார்க்க நமக்கு வலிக்கும். ஜோஜி ஆரம்பத்திலிருந்தே சின்ன ஆள். விழுவதற்கு உயரம் இல்லை.

கேள்வி: இயக்குநர் பொலான்ஸ்கியின் 'மேக்பெத்' படத்தில் டங்கனைக் கொல்வதைக் காட்டியது தேவையா? ஷேக்ஸ்பியர் அதை மேடைக்கு வெளியேதானே வைத்தார்? (வாசகர், ஈரோடு)

தேவையில்லை என்றுதான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டால் மட்டும் பயம், பார்த்தால் அருவருப்பு என்பது என் கட்சி. ஆனால் அந்த 1971 படத்தை மறுபடி பார்த்தபோது கவனித்தேன்: டங்கன் கண் விழித்து, எதிரே நிற்பது யார் என்று பார்த்துவிடுகிறார். கத்தி அதற்கப்புறம்தான் இறங்குகிறது. மேக்பெத் அதுவரை தயங்கிக்கொண்டுதான் நின்றான், முகம் தெரிந்துவிட்டதால் கொல்கிறான். இது நாடகத்தில் இல்லாத காரணம்.

முடிவையும் விட்டுவிடாதீர்கள். மேக்பெத் செத்தாயிற்று, டங்கனின் மகன் மால்கம் ராஜாவாயிற்று, நாடகம் அங்கே முடிந்துவிடும். பொலான்ஸ்கி இன்னும் ஒரு காட்சி வைத்திருக்கிறார். புது ராஜாவின் தம்பி டோனல்பெய்ன் மழையில் தனியாக வருகிறான், குதிரையை விட்டு இறங்குகிறான், சூனியக்காரிகள் இருக்கும் இடத்தை நோக்கி நொண்டி நொண்டி நடக்கிறான்.